மண்டபமும் நிற்கணும், பஸ்ஸும் வரணும்

மக்களே, உங்கப்பா நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் முக்கில் புது பஸ் திரும்ப ஆரம்பித்த கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுகிறார்கள். சாயாக்கடையில் கேட்டால், உங்கப்பா ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்கித் திருப்பி வைத்தது மாதிரி இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. நடந்ததில் ஒரு பாதி என்னுடைய தப்பு. அதையும் சேர்த்து நானே எழுதிவைத்தால்தான் உங்களுக்கு உள்ளது தெரியும்.

என் வேலை சென்ட்ரிங். காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகையும் தகரமும் அடித்து, கீழே முட்டுக் கொடுத்து, அச்சு கட்டுகிற வேலை. பெரும்பாலும் நாகர்கோவிலில்தான். காலையில் நம்ம ஊரில் பஸ் ஏறினால் பூதப்பாண்டி தாண்டி வடசேரியில் இறங்குவேன். இருபது வருஷமாக ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டு போவது கட்டடங்களைத்தான். தையல்காரன் எதிரே வருகிறவனின் சட்டையைப் பார்ப்பான் அல்லவா, அது மாதிரி.

டவுனில் வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்துக் கல் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அங்கே மதில் வேலைக்குப் போனபோது ஒரு மத்தியானம் உள்ளே போய் நின்றேன். சித்திரை வெயில். கால் வைத்ததும் வாய்க்காலில் இறங்கினது மாதிரி இருந்தது. சுவர் இரண்டடி கனம். ஜன்னல் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. ராஜா காலத்துக் கச்சேரி, அதாவது சர்க்கார் ஆபீஸ் கட்டடங்களில் ஓட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு மரச் சட்டம் அடித்த அழி வைத்திருப்பார்கள். சூட்டுக் காற்று அது வழியாக ஏறி வெளியே போய்விடும். கரண்ட் இல்லாத காலத்தில் கட்டினவர்கள், வெயில் எந்தப் பக்கம் விழும் என்று யோசிக்காமல் ஒரு கல்லை வைத்திருக்க முடியாது.

நாங்கள் கட்டுவது வேறு. மணிமேடைப் பக்கம் ஒரு நாலு மாடிக் கடைக்கு நான்தான் பலகை அடித்தேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி. மேற்கு வெயில் அதில் பட்டு, எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முகத்தில் அடிக்கும். நிழற்குடையில் இரும்பு இருக்கை போட்டிருக்கிறது, அதில் அப்பளம் வாட்டலாம். அதனால் ஜனங்கள் வெளியே உள்ள கரண்ட் போஸ்டின் நிழலில் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையாக நிற்கிறார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். வேறே எவனும் கட்டினதில்லை, நான் கட்டினது.

இனி நம்ம ஊர் முக்கு. நாளைக்கு வெளியூர்க்காரர் யாராவது வாசித்தாலும் புரியவேண்டும் என்பதால் சொல்லுகிறேன். மெயின் ரோட்டு ஜங்ஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்து ரோடு முடிகிற இடம் அது. உள்ளே வரும்போது வலப்பக்கம் ராஜா காலத்துக் கல்மண்டபம். முன்வரிசையில் நாலு தூண், ரோட்டை ஒட்டி. இடப்பக்கம் குளம். குளக்கரையில் நாலு கொடிக்கம்பம், அடியில் சிமெண்டுப் பீடத்தோடு. நேர் எதிரே சாயாக்கடை. பஸ் மண்டபத்தை ஒட்டி வந்து, குளத்தைப் பார்த்து மூக்கைத் திருப்பி, மண்டபத்துக்கும் சாயாக்கடைக்கும் நடுவே உள்ள சந்துக்குள் பின்னால் போய், பிறகு நேராகி வெளியே போகும். பழைய பஸ் குட்டை. கண்ணை மூடிக்கொண்டு திருப்புவார்கள்.

போன வருஷம் புது பஸ் வந்தது. பார்க்க லெச்சணமாக இருந்தது, ஆனால் நீளம். முதல் நாளே டிரைவர் ஜங்ஷனில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்து முக்கைப் பார்த்தார். இளவயசுக்காரர். கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்.

"அண்ணே, இதுக்குள்ள என்னால திருப்ப முடியாது. முட்டிச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நானாக்கும்."

டெப்போவிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார். மரியாதையான மனுஷன். சுற்றிலும் நடந்துவிட்டு, "ஒண்ணு, இந்த முன்வரிசைத் தூண் நாலையும் எடுக்கணும். இல்லேன்னா பஸ் ஜங்ஷனோட நிக்கும். ஊர்ல பேசி முடிவு சொல்லுங்க" என்றார்.

ஜங்ஷனில் நிற்கும் என்றால் என்ன அர்த்தம் என்று மகளே, உனக்குத் தெரியும். நீ அப்போது பிளஸ் ஒன். நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் குரூப். நம்ம ஊரிலிருந்து பொம்பிளைப் பிள்ளைகள் பதினோரு பேர் அந்த ஏழு பத்து பஸ்ஸில்தான் போனீர்கள். இரண்டு கிலோமீட்டர் நடந்து ஜங்ஷனுக்குப் போய்ச் சேருவதற்குள் அதைத் தவறவிட்டால், பிறகு உள்ளது கீரிப்பாறை பஸ். அது மேலேயிருந்து வரும்போதே ரப்பர் எஸ்டேட் ஆட்களால் நிறைந்துதான் வரும். பாதி நாள் நிற்காமலே போய்விடும். அந்த வாரமே இரண்டு வீட்டில், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. அங்கே சயன்ஸ் குரூப் கிடையாது.

ஊர்க்கூட்டம் அந்த மண்டபத்துக்குள்ளேதான் நடந்தது. தூணில் சாய்ந்துகொண்டே தூணை இடிப்பதைப் பற்றிப் பேசினோம்.

"ராஜா வந்து கேக்கவா போறாரு? இடிங்க வே" என்றார் ஒருத்தர்.

நானும் "இடிச்சிரலாம்" என்றுதான் கை தூக்கினேன். அதை மறைக்க மாட்டேன். எனக்குப் பஸ் வேண்டும். கட்டட வேலை தெரிந்தவன் என்பதால், எப்படி இடிப்பது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பையும் என்னிடமே தந்தார்கள்.

மறுநாள் ஏணி வைத்து ஏறினேன். மேலே போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் மனசிலாச்சு. தூண் மேல் போதிகைக் கல், அதன் மேல் உத்திரக் கல், அதன் மேல் கூரைப் பலகைக் கல். சாந்து இல்லை, கம்பி இல்லை. ஒன்றின் பாரம் மற்றதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. முன்வரிசை நாலு தூணை எடுத்தால் உத்திரம் இறங்கும், பின்னாலே கூரை முழுக்க வரும். நாலு தூண் என்று சொன்னாலும் போகப்போவது மண்டபம் முழுவதும். போனால் அந்த இடத்தில் என்ன வரும் என்றும் எனக்குத் தெரியும். இரும்பு இருக்கை போட்ட ஒரு நிழற்குடை. ஒருவேளை அதற்கும் நானே பலகை அடிப்பேன். பிறகு நம்ம ஊர் ஜனமும் கரண்ட் போஸ்டு நிழலில் வரிசையாக நிற்கும்.

ஏணியிலிருந்து இறங்கும்போது தீர்மானித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க, பிள்ளைக்க படிப்புதான் நமக்குப் பெருசு. கல்லு என்ன, சோறா போடுது?"

"ரெண்டும் வேணும் பிள்ளே."

"ரெண்டும் வேணும்னா ரெண்டும் போவும்" என்றாள். கழுவின தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு, "செரி, என்ன செய்யப் போறீய?" என்று கேட்டாள்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியும் என்றுதான் அப்போது நினைத்தேன். இங்கேதான் என் தப்பு வருகிறது.

பூதப்பாண்டித் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் நானும் ஒருத்தன். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில் ஆப்பு மாதிரி மரக்கட்டையைக் கொடுத்து வேகத்தைக் குறைப்பதும், மூலையில் திருப்புவதும் எங்கள் வேலை. திரும்புகிற பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தால் அது நின்றுவிடும், மறுபக்கத்துச் சக்கரம் சுற்றி வரும், தேர் திரும்பிவிடும். அவ்வளவு பெரிய தேரை அவ்வளவு சின்ன மூலையில் திருப்புகிறவன், ஒரு பஸ்ஸைத் திருப்ப மாட்டேனா என்று ஒரு நினைப்பு.

ஜங்ஷனுக்குப் போய் டேப்பைப் பிடித்து பஸ்ஸை அளந்தேன். பின்சக்கரத்திலிருந்து முன்மூக்கு வரைக்கும். பிறகு முக்கில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். பின்சக்கரம் இந்தப் புள்ளியில் நின்றால், முன்மூக்கு இப்படிச் சுற்றி, கொடிப்பீடத்துக்கு ஒரு கை அகலம் இடம் விட்டுத் திரும்பிவிடும். கணக்குச் சரியாக இருந்தது. அதிகாரியைப் போய்ப் பார்த்து, தூணைத் தொடாமலே திருப்பிக் காட்டுகிறோம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் பஸ்ஸைக் கொண்டு வரச் சம்மதித்தார்.

ஊர் முழுக்க நின்றது. நான் முன்னால் நின்று கையைக் காட்டினேன். டிரைவர் தம்பி பைய பையத் திருப்பினார். மூக்கு என் கோட்டின் மேலேயே வந்தது. பீடத்துக்கு ஒரு கை அகலம், நான் சொன்னபடியே. ஜனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தகரம் மடங்குகிற சத்தம்.

பஸ்ஸின் பின்மூலை மண்டபத்தின் கடைசித் தூணில் முட்டி நின்றது. விளக்குக் கண்ணாடி உடைந்து கீழே கிடந்தது. தூணில் பெயிண்டு ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டியிருந்தது.

சாயாக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீரு மண்டபத்த காப்பாத்தப் போறேருன்னு நெனச்சேன். இடிக்க பஸ்ஸக் கொண்டு வந்திருக்கேரு. கொள்ளாம், நல்ல வேலை."

டிரைவர் தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதிகாரி அவர் தோளைத் தட்டி, "நான்தான் கூட நின்னு செய்யச் சொன்னது. ரிப்போர்ட்ட நான் எழுதிக்கிடுதேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தீங்கல்லா? இதோட விட்டிருவோம்" என்றார்.

"சார், அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்க. ஒரே ஒரு தடவை."

அவர் வாட்சைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு. அதுக்குப் பொறவு என்ட்ட கேக்கக்கூடாது."

வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். மகளே, நீ உன் நோட்டில் கட்டம் போட்டு என்னவோ வரைந்துகொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்.

"அப்பா, சக்கரத்துக்குப் பின்னாலயும் பஸ் இருக்குல்லா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அத அளந்தியளா?"

அளக்கவில்லை. தேருக்கு நாலு மூலைக்கு நாலு சக்கரம். சக்கரத்துக்குப் பின்னால் தொங்குவது ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கு வால் இருக்கிறது, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கும் மேலே. மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். மாடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தேரைத் திருப்பின பெருமையில் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

நீ வரைந்ததை வைத்துப் பார்த்தோம். மண்டபத்தை ஒட்டி வராமல், மூன்றரை அடி குளத்துப் பக்கம் தள்ளி வந்தால் வால் தூணில் படாது. அப்படி வந்தால் மூக்கு கொடிப்பீடத்தில் இடிக்கும். ஆகக்கூடி, இடம் இல்லாமல் இல்லை. இடத்தில் நாலு பீடம் நின்றது.

மண்டபத்தை இடிக்கலாம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். பீடத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ராஜாவுக்கு இப்போது ஆள் இல்லை, கொடிக்கு ஆள் இருக்கிறது, அதுதான் காரணம். இரண்டு பீடம் இரண்டு கட்சிக்கு. ஒன்று ஆட்டோக்காரர் சங்கத்துக்கு. ஒன்று வாலிபர் மன்றத்துக்கு. பேரை எழுதவில்லை. எழுதினால் இந்த நோட்டையும் இடிக்கச் சொல்லுவார்கள்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாள் வேலை விட்டு வந்து நாலு பேர் வீட்டுக்கும் நடந்தேன். குளத்தின் அந்தக் கரையில், மோட்டார் ரூம் பக்கம், நானே புதுப்பீடம் கட்டித் தருகிறேன் என்று சொன்னேன். நாலு பேரும் நல்லபடியாகவே பேசினார்கள். நாற்காலி போட்டார்கள், சாயா தந்தார்கள்.

"நமக்கு என்ன அண்ணே, பிள்ளையள் படிக்கணும். மத்தவன் எடுக்கட்டும், அடுத்த நிமிஷம் நான் எடுக்கேன்."

நாலு பேரும் சொன்னது இதுவே. வார்த்தை மாறவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் சாயாக்கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் கிளாசை வைத்துக்கொண்டே சொன்னார்.

"உமக்குக் கூறு இல்ல வே. அவனவனுக்க பீடத்த இடிக்கச் சொன்னா எவன் இடிப்பான்? அடுத்தவனுக்கத இடிக்கச் சொல்லிப் பாரும். நாலு பேரும் கடப்பாரையோட வந்து நிப்பான்."

அவர் கிண்டலுக்குச் சொன்னார். நான் சாயாவைக் குடிக்காமல் எழுந்து போனேன்.

நாலு வீட்டிலும் புதுக் கணக்கைச் சொன்னேன். ஒரே நாள், ஒரே நேரம். உன் பீடத்தை நீ தொடவேண்டாம். நீ அவனுடையதை இடி, அவன் இவனுடையதை இடிப்பான், இவன் உன்னுடையதை. முதல் ஆள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அப்ப அந்தப் பயலுக்க பீடத்த நான் இடிக்கலாமா?"

"சீட்டுக் குலுக்கி உங்களுக்கு அது விழுந்தா இடிக்கலாம்."

"விழும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆறு மணிக்கு நாலு கூட்டமும் கடப்பாரையும் சம்மட்டியுமாக வந்தது. அரை மணி நேரம் ஆகவில்லை. என் இருபது வருஷத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு இடிப்பு வேலையை நான் பார்த்ததில்லை. கம்பங்களைப் பத்திரமாகக் கழற்றி மண்டபத்துக்குள் சாத்தி வைத்தார்கள். அவனவன் கம்பத்தின் பக்கத்தில் அவனவன் ஒரு ஆளையும் நிறுத்தினான்.

புதுப்பீடத்துக்கு நான் ஒரே ஒரு அச்சுதான் கட்டினேன். அதையே நாலு தடவையும் மாற்றி மாற்றி வைத்து வார்த்தேன். யாருடையது பெரிசு என்ற பேச்சே வரக்கூடாது என்றுதான் அப்படி. ஆனாலும் ஒருத்தர் டேப்போடு வந்தார். இன்னொருத்தர் ரசமட்டம் கொண்டுவந்து ஒவ்வொரு பீடத்தின் மேலும் வைத்துக் குமிழியைப் பார்த்தார். குமிழி நாலிலும் நடுவில் நின்றது. "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு அதிகாரியும் டிரைவரும் வந்தார்கள். இந்தத் தடவை நான் முன்னால் நிற்கவில்லை. விசிலோடு வாலுக்குப் பின்னால் போய் நின்றேன். பஸ் குளத்துப் பக்கம் தள்ளி உள்ளே வந்தது. மூக்கு, பீடம் இருந்த வெறும் மண்ணுக்கு மேலே போனது. வால் வீசியது. தூணுக்கும் தகரத்துக்கும் நடுவே நான் என் உள்ளங்கையைப் படுக்கப் போட்டு விரித்துப் பார்த்தேன். ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. இந்தத் தடவை ஒருத்தரும் கைதட்டவில்லை. போன வாரம் தட்டினதன் பலனைப் பார்த்தவர்கள்.

"இன்னொரு தடவை" என்றார் அதிகாரி. டிரைவர் திருப்பினார். "இன்னும் ஒண்ணு." அதுவும் ஆச்சு. பிறகு அவர், "வெறும் பஸ் திரும்பினா போதாது. ஆள ஏத்துங்க. பாரம் இருந்தா பின்பக்கம் ஆடும்" என்றார். ஊரே ஏறியது. கொடிக்கார நாலு பேரும் ஏறினார்கள். உங்கம்மா மீன்சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வந்து ஏறினாள். நான் மட்டும் கீழே. பஸ் பாரத்தில் கொஞ்சம் தாழ்ந்து, ஆடிக்கொண்டு, திரும்பிவிட்டது.

அதிகாரி தூணின் பக்கத்தில் நின்றே பேப்பரில் எழுதினார். இந்தப் பள்ளிக்கூட வருஷம் முடியும் வரைக்கும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பஸ் உள்ளே வரும். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஊரிலிருந்து ஒரு ஆள் பின்னால் நின்று விசில் கொடுக்கவேண்டும். கண்டக்டர் டிக்கெட்டை விட்டு இறங்க முடியாது. "யாரு நிப்பீங்க?" என்று கேட்டார். எல்லோரும் குளத்தில் என்னவோ விழுந்தது மாதிரி அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

நான் நிற்கிறேன் என்றேன்.

மறுநாள் திங்கள், ஏழு பத்துக்குப் பதினோரு பேரும் ஏறினீர்கள். நான் விசில் கொடுத்து முடித்து ஓடி வந்து பின்படியில் ஏறினேன். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இரண்டாவது வாரம் வீட்டில் வைத்துச் சொன்னாய்.

"அப்பா, அந்த விசில கொஞ்சம் பையதான் ஊதுங்களேன். பிள்ளையள் எல்லாம் சிரிக்குது."

"சிரிக்கட்டும் மக்கா. டிரைவருக்குக் கேக்கணும்லா?"

சாயங்காலம் நான் வருகிற பஸ்ஸிலிருந்து முக்குக்கு முன்னாலேயே இறங்கி ஓடுவேன். எனக்கு ராத்தங்கல் வேலை இருந்த நாட்களில் உங்கம்மா குடையும் விசிலுமாக நின்றாள். "ரெண்டும் போவும்" என்று சொன்னவள்தான். என்னைவிடச் சத்தமாக அவள் ஊதினாள் என்று டிரைவர் தம்பி சொன்னார்.

அந்த அனுமதி வருஷப் பரீட்சையோடு முடிந்துவிட்டது. இப்போது லீவு, பஸ் ஜங்ஷனோடு நிற்கிறது. ஜூனில் நீ பிளஸ் டூ. இந்த வருஷம் புதிதாக மூன்று பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறார்கள், ஆக பதினாலு பேர். பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவருக்கு நம்மைத் தெரியாது. மனு எழுதிவிட்டேன். எழுத்துத் தப்பை நீ திருத்தித் தந்தாய். பதினாலு வீட்டிலும் கையெழுத்து வாங்கியாச்சு, கொடிக்காரர் நாலு பேரிடமும் வாங்கியாச்சு. திங்கட்கிழமை டெப்போவுக்குப் போகிறேன். அவர் இல்லை என்றால் செவ்வாய் போவேன். வந்து பார்க்காமலே முடியாது என்று சொன்னால், நானே கூட்டிக்கொண்டு வந்து வாலுக்குப் பின்னால் நிறுத்திக் காட்டுவேன்.